சமயவியல் மாணவருக்கான இணையக் கருவிகள்: அடிக்குறிப்பு வரை துணை வருபவை எவை?

கல்லூரியில் சமயவியலோ மெய்யியலோ படிக்கும் மாணவருக்கு இன்று நூல் கிடைக்கவில்லை என்ற குறை பெரும்பாலும் இல்லை. தேவாரம், நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம், மணிமேகலை, நீலகேசி, தேம்பாவணி, சீறாப்புராணம் ஆகிய அனைத்தும் கைப்பேசியிலேயே திறக்கின்றன. திருக்குர்ஆனும் விவிலியமும் புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நிகாயங்களும் மூலமொழியிலேயே கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் கிடைத்த பாட்டு எந்தப் பதிப்பைச் சேர்ந்தது, உரை யாருடையது, மொழிபெயர்ப்பு எந்த ஆண்டினது என்று ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் எழுத வேண்டிய கட்டம் வரும்போது பல தளங்கள் கையை விரித்துவிடுகின்றன. ஆகவே கீழே வரும் கருவிகள் ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியை வைத்து மதிப்பிட்டிருக்கிறேன்: இதைப் பயன்படுத்தும் மாணவர் தாம் கண்டதைப் பிறர் சரிபார்க்கும் வகையில் சான்று காட்ட முடியுமா? தளத்தின் அழகும் வேகமும் எனக்கு இரண்டாம்பட்சமே.

தளங்களுக்குள் போவதற்கு முன், தேடல் பெட்டியிலேயே ஒரு தடை இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். பௌத்தம் என்ற சொல்லை ஔகாரக் குறியோடு சரியாகத் தட்டச்சிட்டால் ஒரு விளைவு வரும். ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு 'பெளத்தம்' என்று தட்டச்சிட்டால் வேறொரு விளைவு வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும் கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். 'பவுத்தம்' என்று எழுதுவோர் இன்னொரு பிரிவினர். பெரிய தேடுபொறிகள் இந்த வேறுபாட்டை ஓரளவு ஊகித்துக்கொண்டாலும், ஒரு தளத்தின் உள்தேடலிடமோ பிடிஎஃப் கோப்புக்குள் நடத்தும் தேடலிடமோ அந்தத் தாராளத்தை எதிர்பார்க்க முடியாது. மூன்று வடிவங்களிலும் தேடிப் பார்க்காமல் 'தமிழில் இதைப் பற்றி எதுவும் எழுதப்படவில்லை' என்று ஆய்வு முன்னுரையில் எழுதுவது ஆபத்து. ஔவையார், மௌனம், சௌந்தரியலகரி ஆகிய சொற்களுக்கும் இதே கதிதான்.

புணர்ச்சியால் வரும் தடை இதைவிடப் பெரியது. சம்பந்தரின் முதல் பதிகத்தில் வரும் அடியை மரபான பதிப்புகள் சீர் பிரிப்புக்கு ஏற்ப 'பொடிபூசியென் னுள்ளங்கவர்கள்வன்' என்று அச்சிடும். எளிமைப்படுத்திய பதிப்புகள் 'பொடி பூசி என் உள்ளம் கவர் கள்வன்' என்று பிரித்துக் காட்டும். நினைவிலிருக்கும் 'உள்ளங்கவர் கள்வன்' என்ற தொடரை அப்படியே தட்டச்சிடும் மாணவர் இவ்விரண்டில் எதனோடும் முழுமையாகப் பொருந்துவதில்லை. நீண்ட தொடரைக் கைவிட்டு, புணர்ச்சியால் மாறாத நடுப்பகுதியைத் தேடுவதே பயன் தரும். இந்த அடியில் 'கள்வன்' என்ற ஒரு சொல்லே போதும். எந்தத் தளத்தின் உதவிப் பக்கத்திலும் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை என்பதால் இவ்வளவு விரிவாக எழுத நேர்ந்தது.

தமிழ் மூலநூல்களுக்கு முதலில் செல்ல வேண்டிய இடம் மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் சேர்ந்து தொடங்கிய முயற்சி இது. தொடக்கத்தில் தகுதரம் என்னும் டிஸ்கி குறியீட்டில் இருந்த நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. சைவமும் வைணவமும் மட்டுமன்றிச் சமணம், பௌத்தம், கிறித்தவம், இசுலாம் ஆகியவற்றின் தமிழ் இலக்கியங்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பது சமயவியல் மாணவருக்கு இதன் தனிச்சிறப்பு. பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட கோப்புகள் பலவற்றில் அச்சு மூலத்தின் பெயர், பதிப்பாளர், ஆண்டு ஆகிய விவரங்கள் தலைப்பிலேயே தரப்பட்டுள்ளன. அத்தகைய கோப்பு கிடைத்தால் அடிக்குறிப்புக்குக் கவலை இல்லை. முந்தைய கோப்புகளில் தட்டச்சிட்டவர், பிழை திருத்தியவர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும் அளவுக்கு மூலப் பதிப்பின் விவரம் எப்போதும் இருப்பதில்லை. அவற்றைத் தேடலுக்குப் பயன்படுத்திக்கொண்டு, மேற்கோளை அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டு எழுதுவதே முறை. தளத்துக்குள் தேட, கூகுளில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி முக்காற்புள்ளி இட்டு, இடைவெளியின்றித் தள முகவரியைச் சேர்த்து, அதன்பின் தேடுசொல்லைத் தட்டச்சிட வேண்டும். எளிய உத்திதான், ஆனால் முதுகலை வகுப்பிலும் இதை அறியாதவர் உண்டு.

திருமுறைக்கு என்றே இரண்டு கருவிகள் உள்ளன. இரண்டும் இரண்டு விதம். தருமபுரம் ஆதீனத்தின் பன்னிரு திருமுறை உரைப் பதிப்பை அடிப்படையாகக் கொண்ட தேவாரம் தளம், ஒவ்வொரு பாட்டுக்கும் பொழிப்புரை, குறிப்புரை, மொழிபெயர்ப்பு, பிறமொழி எழுத்துகளில் ஒலிபெயர்ப்பு, ஓதுவார்களின் குரல் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் அடுக்கித் தருகிறது. உரை சைவ சித்தாந்தச் சார்புடையது. அந்தச் சார்பை அது மறைக்கவும் இல்லை. யார் உரை என்று தெரிகிற சார்புள்ள உரை, யார் எழுதியது என்றே தெரியாத 'நடுநிலை' விளக்கத்தைவிட ஆய்வுக்கு நூறு மடங்கு மேல், ஏனெனில் அந்த உரையையே ஒரு காலத்துச் சைவ மரபின் சான்றாக எடுத்துக்கொள்ள இயலும்.

மற்றொன்று, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் 2007இல் குறுந்தட்டாக வெளியிட்டுப் பின்னர் இணையத்திலும் வைத்த கணினித் தேவாரம். சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவர் பாடல்கள் மட்டுமே இதில் உண்டு. வி. மீ. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில விளக்கம் முழுமையாகவும், மூலத்தில் எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று அகர வரிசையில் காட்டும் முழுச் சொல்லடைவும் சேர்ந்திருப்பதே இதன் பெருமை. தோற்றத்தில் பழைய காலத்துத் தளம். கைப்பேசித் திரையில் படிப்பது சிரமம். ஆனாலும் இந்த மதிப்பீட்டில் வரும் தமிழ்க் கருவிகளில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான்.

ஏன் என்பதை ஓர் ஆய்வுத் தலைப்பை வைத்தே காட்டலாம். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணனும், ஒன்பதாம் பாட்டில் திருமாலும் அயனும், பத்தாம் பாட்டில் சமணரும் சாக்கியரும் வருவது பெருவழக்கு. பதினோராம் பாட்டு ஆசிரியர் பெயரோடு கூடிய திருக்கடைக்காப்பு. சமணரைப் பற்றிச் சம்பந்தர் என்ன சொல்கிறார் என்று தொகுக்க விரும்பும் மாணவர் தேடல் பெட்டியில் 'சமணர்' என்று இட்டால், முதல் பதிகத்தின் பத்தாம் பாட்டே தப்பிவிடும்; அங்கே இருப்பது 'புத்தரோடு பொறியில் சமணும்' என்ற தொடர். சமணருக்குச் சமண், அமண், அமணர், குண்டர் என்றும், பௌத்தருக்குத் தேரர், சாக்கியர் என்றும் சொல் மாறிக்கொண்டே போகும் இடத்தில் தேடுபொறி எண்ணித் தரும் எண்ணிக்கையை நம்பி ஓர் அட்டவணை போடுவது வீண் வேலை. சொல்லடைவு இருந்தால், அகர வரிசையில் அக்கம்பக்கத்துச் சொற்களும் கண்ணில் படுவதால், எதிர்பாராத வடிவங்களும் வலையில் விழும். அத்தோடு ஒவ்வொரு பதிகத்தின் பத்தாம் பாட்டையும் வரிசையாகத் திறந்து பார்த்துச் சரிபார்க்கலாம். நூலின் அமைப்பை அறிந்தவருக்கே கருவி முழுப்பயன் தரும் என்பதை இந்தத் தலைப்பைப் போலக் காட்டும் எடுத்துக்காட்டு வேறு எனக்குத் தோன்றவில்லை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தேவாரப் பதிப்புகளில் பண்முறை ஒன்று, தலமுறை ஒன்று. பண்ணின் வரிசையில் அமைந்த பதிப்பின் பதிக எண், தலத்தின் வரிசையில் தொகுத்த பதிப்பின் எண்ணோடு பொருந்தாது. தளத்தில் கண்ட எண்ணைக் குறித்துவிட்டு, நூலகத்தில் எடுத்த அச்சுநூலின் பெயரை அதன் பக்கத்தில் எழுதும் பழக்கத்தை ஆய்வேடுகளில் அடிக்கடி காண முடிகிறது. தலப்பெயரையும் பாட்டின் முதற்குறிப்பையும் சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பம் தீரும்.

மேலும், சம்பந்தரை மட்டும் படித்துச் சமணத்தைப் பற்றி எழுதுவது ஒருதலை வழக்கு. அ. சக்கரவர்த்தி 1936இல் சமயதிவாகர வாமன முனிவர் உரையோடு வெளியிட்ட சமண நூலாகிய நீலகேசியை எதிர்ப்பக்கத்தின் குரலாகப் படிக்க வேண்டும். சமண மின்னூலகம் என்ற தளமும் உண்டு. பதிவு செய்து நுழையலாம். ஆனால் அங்குள்ள செல்வம் பெரும்பாலும் பிராகிருதம், சமற்கிருதம், குசராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் உள்ளது. தமிழ்ச் சமணத்துக்கு அதை நம்பிப் போனால் ஏமாற்றமே.

அச்சுப் பதிப்புகளின் பக்கங்களையே படமாகக் காண விரும்புவோருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஏற்றது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய நிறுவனம் இது. உ. வே. சாமிநாதையர் 1898இல் வெளியிட்ட மணிமேகலை போன்ற பழைய பதிப்புகளின் வழியில் செல்ல விரும்பும் மாணவர், முகவுரையையும் அடியில் தந்த பாடபேதங்களையும் (சுவடிக்குச் சுவடி வேறுபடும் வாசகங்களையும்) அச்சில் இருந்தபடியே படிப்பது, தட்டச்சிட்ட மூலத்தைப் படிப்பதிலிருந்து முற்றிலும் வேறான பயிற்சி. எழுத்துருவில் தேட இயலாத பட நூல்கள் என்பதால் பொருளடக்கத்தைப் பார்த்து நிதானமாகப் புரட்டும் பொறுமை வேண்டும்.

ஈழத்துச் சைவம், ஆறுமுக நாவலர் மரபு, கோயில் வரலாறு ஆகியவற்றை எடுத்துக்கொள்வோர் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தைத் தவிர்த்து எழுதவே இயலாது. நூல்களோடு அங்கே இதழ்களும், துண்டு வெளியீடுகளும், கும்பாபிஷேக மலர்களும் சேர்க்கப்பட்டுள்ளன. கும்பாபிஷேக மலரைப் பலர் வெறும் வாழ்த்துச் செய்தித் தொகுப்பாக எண்ணி ஒதுக்குவர். உண்மையில் திருப்பணிக்குப் பணம் கொடுத்தோர் பட்டியல், அறங்காவலர் வரிசை, உபயகாரர் விவரம் ஆகியவை ஒரு கோயிலின் சமூக வரலாற்றுக்கு வேறெங்கும் கிடைக்காத சான்றுகள். பதிப்பு விவரமும் ஆண்டும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனிப் பக்கத்தில் தரப்படுவது இத்தளத்துக்கு நான் தரும் கூடுதல் மதிப்பெண்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் இந்திய மின்னூலகத் திட்டத்தின் ஸ்கேன் நூல்கள் கொட்டிக் கிடக்கின்றன. கொட்டிக் கிடக்கின்றன என்பதே சரியான சொல். தலைப்புகள் ரோமன் எழுத்தில் மனம்போன போக்கில் தரப்பட்டிருப்பதால், திருவாசகத்தை நான்கைந்து எழுத்துக்கூட்டலில் தேட வேண்டியிருக்கும். ஆண்டு, ஆசிரியர் ஆகிய விவரங்களைத் தளத்தின் குறிப்பிலிருந்து எடுக்காமல், ஸ்கேனில் உள்ள தலைப்புப் பக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

பிற சமயங்களின் மூலநூல்களுக்கு உலக அளவில் உருவான கருவிகள் தமிழுக்கு உள்ளவற்றைவிடப் பல படிகள் முன்னே நிற்கின்றன என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பௌத்தத்துக்குச் சுத்த சென்ட்ரல் என்ற தளம். தீக நிகாயத்தின் 16ஆம் சுத்தமாகிய மகாபரிநிப்பான சுத்தத்தைத் திறந்தால், பாலி மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் வரிக்கு வரி நேரெதிரே நிற்கும். அதே நிகழ்ச்சியைக் கூறும் சீனமொழிப் பௌத்தத் தொகுதியான ஆகமத்துக்கும் சமற்கிருத வடிவத்துக்கும் செல்ல இணைப்பும் இருக்கும். புத்தரின் இறுதி நாள்களை ஒரு மரபு எப்படிச் சொல்கிறது, இன்னொரு மரபு எதைச் சேர்க்கிறது என்று ஒப்பிடுவது முன்பெல்லாம் பெரிய நூலகம் வாய்த்தவருக்கே இயன்ற வேலை. பிக்கு சுஜாதோ 2018இல் வெளியிட்ட நான்கு நிகாய மொழிபெயர்ப்புகளுக்குப் பதிப்புரிமைத் தடை ஏதும் இல்லை என்பதால் மேற்கோள் காட்டுவதிலும் தயக்கம் வேண்டாம்.

திருக்குர்ஆன் படிப்போருக்கு லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான குர்ஆன் அரபுச் சொற்றொகுதி, 77,430 சொற்களுக்கும் வேர்ச்சொல், இலக்கண வகை, வேற்றுமை ஆகியவற்றைத் தருகிறது. அரபு எழுத்து மட்டும் அறிந்த மாணவர்கூட ஒரு வேர்ச்சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று தொகுக்கலாம். யூத சமயத்துக்கு 2011இல் தோன்றிய செஃபாரியா: ஒரு வசனத்தைத் தொட்டால் அதற்கு இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி முதலானோர் எழுதிய உரைகள் பக்கவாட்டில் விரியும். மூலமும் உரையும் உரையின் மேல் உரையுமாக வளர்ந்த மரபை அறிந்த நம் மாணவருக்கு இந்த அமைப்பு அன்னியமாகத் தோன்றாது. திருமுறைக்கும், திருவாய்மொழியின் உரையாகிய ஈட்டுக்கும் இப்படி ஒன்று இல்லையே என்ற ஆதங்கம்தான் மிஞ்சும்.

விவிலியத்துக்கு நான் பரிந்துரைப்பது சற்று எதிர்பாராத ஒன்று: கோடெக்ஸ் சினாயிட்டிகஸ் தளம். பிரித்தானிய நூலகம், லைப்சிக் பல்கலைக்கழக நூலகம், சினாய் புனித கத்தரீன் மடம், உருசிய தேசிய நூலகம் ஆகிய நான்கிடத்தில் பிரிந்து கிடக்கும் நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கச் சுவடியின் ஏடுகள் 2009 முதல் இணையத்தில் ஒன்றாகக் காணக் கிடைக்கின்றன. ஏட்டின் படமும், எழுத்துப்பெயர்ப்பும், பிற்காலத் திருத்தக்காரர் கைவைத்த இடங்களும் தெரிகின்றன. மாற்கு நற்செய்தி இதில் 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுவதை மாணவர் தம் கண்ணாலேயே காணலாம். பாடபேதம் என்றால் என்ன என்று ஒரு மணிநேரம் விரிவுரை செய்வதைக் காட்டிலும் அந்த ஒரு பக்கம் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

மூலநூலை விட்டு ஆய்வுக் கட்டுரைகளுக்கு வந்தால் கூகுள் ஸ்காலரைத்தான் எல்லாரும் முதலில் திறக்கிறார்கள். அதன் உண்மையான வலிமை தேடலில் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே இருக்கும் 'இதை மேற்கோள் காட்டியவர்கள்' என்ற இணைப்பில் இருக்கிறது. நல்ல கட்டுரை ஒன்று கையில் இருந்தால் அதற்குப் பின் அந்த வாதம் எப்படி வளர்ந்தது என்று அதன்வழி தொடரலாம். தரமான இதழையும் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழையும் அது ஒரே வரிசையில் நிறுத்திவிடும் என்பதையும், தமிழ் ஆய்விதழ்க் கட்டுரைகள் அதில் குறைவு என்பதையும் மறக்கக் கூடாது. ஆய்விதழ்களின் மின்தொகுப்பான ஜேஸ்டோரில் இந்தக் கலப்படம் இல்லை. கல்லூரிக்குச் சந்தா இல்லாவிட்டாலும் இலவசக் கணக்கில் 30 நாளுக்கு 100 கட்டுரைகள் வரை திரையில் படிக்கலாம். இளங்கலை மாணவருக்கு இது தாராளம்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு, காந்திநகர் இன்ஃபிலிப்நெட் நடத்தும் சோத்கங்கா. இயல்கள் தனித்தனிக் கோப்பாக இருக்கும். தமிழ் ஆய்வேடுகள் பல ஸ்கேன் படங்களாகவோ ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களிலோ இருப்பதால் உள்ளடக்கத் தேடல் பலிப்பதில்லை. துணைநூற்பட்டியல் கோப்பை முதலில் திறப்பதே சிக்கனமான வழி: ஆய்வாளர் எதைப் படித்தார் என்பதைக் கொண்டே அந்த ஆய்வேட்டுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம் என்று முடிவு செய்துவிடலாம்.

2025 சனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தால், மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் உள்ளிட்ட 30 வெளியீட்டாளர்களின் இதழ்களைக் கட்டணமின்றிப் படிக்க முடிகிறது. அரசுக் கல்லூரி மாணவர் கல்லூரி நூலகரிடம் இதற்கான நுழைவு விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தனியார் கல்லூரியில் படிப்போர் இப்போதைக்கு வெளியே நிற்கிறார்கள்.

சேக்ரட் டெக்ஸ்ட்ஸ் தளத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மாக்ஸ் முல்லர் பதிப்பாசிரியராக இருந்து 1879இல் தொடங்கிய கீழைநாட்டுப் புனித நூல் வரிசை போன்ற, பதிப்புரிமை காலாவதியான மொழிபெயர்ப்புகளின் கிடங்கு அது. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் கீழைச் சமயங்களை எப்படிப் புரிந்துகொண்டனர் என்று ஆராய்வோருக்கு அருமையான சுரங்கம். ஓர் உபநிடதத்தின் பொருளை அறிய அதை மட்டும் நம்புவது தகாது.

கருத்துகளுக்கும் கொள்கைகளுக்கும் ஸ்டான்ஃபோர்டு மெய்யியல் கலைக்களஞ்சியம். கட்டுரைகள் அவ்வப்போது திருத்தப்பட்டாலும், ஆண்டுக்கு நான்கு முறை நிலைத்த பதிப்புகளாகச் சேமிக்கப்படுவதால், தாம் படித்த வடிவத்தையே சான்று காட்ட முடிகிறது. விக்கிப்பீடியாவிலும் 'நிலையான இணைப்பு' என்ற வசதி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இன்று பாதித் தேடல் அங்கேதான் நடக்கிறது. ஒரு கோட்பாட்டின் பொது அறிமுகத்துக்கு, கடினமான ஆங்கிலப் பத்தி ஒன்றைப் புரிந்துகொள்ள, அவை உதவும். பாட்டின் எண், பதிக எண், கட்டுரைத் தலைப்பு என்று கேட்டால், இல்லாத ஒன்றைத் தயக்கமில்லாத நடையில் புனைந்து தருவதும் அவற்றின் இயல்பு. அவை தரும் எண் எதையும் மேலே சொன்ன மூலத் தளங்களில் திறந்து பார்க்காமல் எழுதக் கூடாது.

என் தேர்வு இது. தேவாரம் பற்றிய ஆய்வுக்குக் கணினித் தேவாரமும் தருமபுரம் உரையும். மற்றத் தமிழ் மூலங்களுக்கு மதுரைத் திட்டத்தில் தேடித் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் சரிபார்த்தல். ஒப்பியல் சமயத்துக்குச் சுத்த சென்ட்ரலும் செஃபாரியாவும். கட்டுரைகளுக்கு ஜேஸ்டோரை முதலிலும் ஸ்காலரை அதன் பிறகும். இவற்றில் எதற்கும் மாணவர் பணம் செலுத்த வேண்டியதில்லை. இல்லாதது ஒன்று உண்டு: திருமுறையின் பாடபேதங்களைச் சுவடியின் படத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டும் தமிழ்த் தளம். புதுச்சேரியிலுள்ள சைவச் சுவடிகள் 2005இலேயே யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றவை. சைவ ஆகமச் சுவடிகள் சிலவற்றின் படிகளை முக்தபோதா மின்னூலகத்தில் இப்போதும் படிக்கலாம். தேவாரத்தின் பாடபேதத்தை ஆராய விரும்பும் மாணவர், அப்படி ஒரு தளம் வரும் வரை, பதிப்புகளை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.